சத்தம் நின்ற வண்டி

“கதவைத் தூக்கிப் போடு” என்று வண்டிக்குள்ளிருந்து குரல் கொடுத்துவிட்டுக் கிளம்பினார் அவர். வெளிக்கதவு ஒருபக்கம் தொங்கிப்போய்விட்டது. சற்றுத் தூக்கினால்தான் தாழ்ப்பாள் விழும். அந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து தூக்கித் தூக்கிப் பழகிய கையிடம் தினமும் அதையே சொல்வார். “தெரியும், போங்க” என்று அவளும் தினமும் சொல்வாள். அன்றும் சொன்னாள். கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தைப் போட்டுவிட்டு வந்து, ஈரக்கையோடு கதவைத் தூக்கிப் போட்டாள். வண்டி சத்தமில்லாமல் தெருமுனையில் திரும்பியது.

சத்தமில்லாமல். பிற்பாடு அவளை அரித்தது அதுதான்.

அதற்குமுன் வெகுநாளாக, காலையில் சாவியைத் திருப்பியதும் தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்குவதுபோல் எஞ்சின் கடகடக்கும். ஒரு மூச்சு இழுக்கும் நேரம்தான், பிறகு அடங்கிவிடும். “உங்க வண்டி தெருவையே எழுப்பிட்டுத்தான் கிளம்பும்” என்பாள். “வயசாச்சில்ல, எழுந்ததும் இருமுது. நீ மட்டும் எழுந்ததும் பாட்டா பாடுற?” என்பார். கடைசியில் ஒருநாள் தன் தம்பியின் பட்டறையில் விட்டு எடுத்துவந்தார். அன்றோடு இருமல் போயிற்று. அவளுக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

அன்று கிளம்பியவர் திரும்பி வரவில்லை. நெடுஞ்சாலையில் வண்டி நட்டநடுவே நின்றிருந்ததாம், பின்னால் வந்த லாரிக்காரனுக்கு ஒதுங்க நேரமில்லையாம். ஏன் நின்றது என்று கேட்டதற்கு, கண் அசந்திருப்பார் என்றார் விசாரிக்க வந்த அதிகாரி. ஸ்டியரிங்கைப் பிடித்தால் கொட்டாவிகூட விடாத மனுஷன். அவளுக்கு மனசு ஒப்பவில்லை. அந்த எஞ்சினில் கடைசியாகக் கைவைத்தவன் கொழுந்தன். துக்கத்துக்கு வந்தவன் அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அப்புறம் வீட்டுப் பக்கம் தலைகாட்டவும் இல்லை. அவளும் கூப்பிடவில்லை. “சித்தப்பா ஏம்மா வர்றதில்ல?” என்று மகள் கேட்கும்போதெல்லாம் வேறு பேச்சை எடுத்தாள்.

வண்டி அவன் பட்டறையின் பின்புறம் தார்ப்பாய்க்கடியில் கிடந்தது. மறுநாள் பழைய இரும்புக்காரர் வந்து எடுத்துப்போகப் போகிறார் என்று காதில் விழுந்ததும் அவளுக்கு வீடு தரிக்கவில்லை. போய்விட்டால் அப்புறம் யாரிடம் போய்க் கேட்பது? கிளம்பிவிட்டாள்.

அவளைக் கண்டதும் கொழுந்தன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். “வாங்க அண்ணி” என்ற குரல் பாதியில் தேய்ந்தது. அவனோடு நெடுங்காலமாக வேலை செய்யும், தடித்த கண்ணாடி போட்ட சோடாபுட்டிதான் சமாளித்தார். “உட்காருங்கம்மா. இங்க கிரீஸ் படாத ஸ்டூல் இது ஒண்ணுதான். அதுவும் சும்மா சொல்றேன்.”

“உட்கார வரல” என்றாள். “எஞ்சினைத் திற. ஏன் நின்னுச்சுன்னு எனக்குத் தெரியணும்.”

“வேற யாரையாவது வச்சுப் பாத்தா உங்களுக்கும்...”

“உன் கையால திற. என் கண்ணு முன்னாடி.”

தார்ப்பாயை விலக்கினார்கள். பின்பக்கம் அப்பளமாக நொறுங்கியிருந்தது. முன்பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அதைப் பார்க்க அவளுக்கு ஆத்திரமாக வந்தது. வேறொரு வண்டியின் பேட்டரியைக் கொண்டுவந்து இணைத்துவிட்டு, “சாவியைத் திருப்புங்க அண்ணி” என்றான். அவர் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து திருப்பினாள். எஞ்சின் சர்ரென்று சுற்றியது, பற்றிக்கொள்ளவில்லை.

சோடாபுட்டியின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

“போதும், விடுங்க” என்றான் அவன். “நல்ல எஞ்சின் திணறித் திணறிச் சுத்தும். உள்ள காத்தை அமுக்கணுமில்ல, அந்தத் திணறல். இது வெறும் ராட்டினம் மாதிரி ஓடுது. உள்ள மேல்சக்கரத்தையும் கீழ்ச்சக்கரத்தையும் சேத்து ஓட்டுற செயின் பல்லு தாண்டியிருக்கு. மூட வேண்டிய நேரத்துல வால்வு மூடல, பிஸ்டன் இடிச்சு வளைஞ்சிருக்கும்.”

“அப்ப அவர் தூங்கல.”

“தூங்கல அண்ணி. எஞ்சின் அவர் கையில செத்துடுச்சு.”

மேல்மூடியைக் கழற்றினான். கீழ்ச்சக்கரத்தின் குறியை நேராக நிறுத்திவிட்டு, மேல்சக்கரத்தின் குறி எங்கே நிற்கிறது என்று பார்க்கச் சொன்னான். சோடாபுட்டி டார்ச்சைப் பிடித்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “மூணு பல்லு தள்ளி நிக்குது” என்றார். முன்மூடி வெளியே வருவதற்குள் வெயில் பட்டறையின் மறுபக்கத்துக்குப் போய்விட்டது. உள்ளே எல்லாம் ஒரே கறுப்பு. சங்கிலி தொய்ந்து கிடந்தது. அது வழுக்கி ஓடுவதற்காக வைத்திருந்த பிளாஸ்டிக் பட்டை உடைந்து, அதன் துண்டுகள் எண்ணெயில் வெட்டிப்போட்ட நகங்களைப்போலக் கிடந்தன. சக்கரத்தின் பற்கள் தேய்ந்து கூராகியிருந்தன.

அந்தக் கறுப்புக்கு நடுவே ஒரே ஒரு சாமான் மட்டும் பளபளத்தது. எஞ்சினைப் பற்றி அரிச்சுவடிகூடத் தெரியாதவள் அதைத்தான் கைகாட்டினாள்.

“இது மட்டும் ஏன் புதுசா இருக்கு?”

வெளியே வேலை இருப்பதாகச் சொல்லிக்கொண்டு, ஒரு வேலையும் இல்லாத சோடாபுட்டி எழுந்து போனார்.

“டென்ஷனர்” என்றான் அவன். “செயின் தொய்யாம பக்கத்துல இருந்து தள்ளிப் பிடிக்கும். நான்தான் மாத்தினேன்.”

“அது மட்டுமா?”

“அது மட்டும்தான். செயினும் தேஞ்சிருக்கு, பட்டையும் வெடிச்சிருக்கும், முழுக்கப் பிரிக்கணும், நாலு நாள் வண்டியை விட்டுட்டுப் போங்கன்னேன். வண்டி இல்லாம முடியாது, இப்போதைக்குச் சத்தத்தை நிறுத்து, மத்ததை லீவுல பாத்துக்கலாம்னாரு. அண்ணன் சொல்லிட்டா எனக்கு மறுபேச்சு வராது. உங்களுக்குத் தெரியாததா?”

அவளுக்குள் ஏதோ ஒன்று இளகப் பார்த்தது. அவன் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

“இன்னும் இருக்கு அண்ணி. பழசையே விட்டிருந்தா நாளுக்கு நாள் கூடக் கத்தியிருக்கும். பயந்துபோய் அவரே வண்டியைக் கொண்டாந்திருப்பாரு. புதுசு முழுப் பலத்தோட தள்ளிச்சு. வெடிச்ச பட்டை தாங்கல. சத்தமும் காட்டாம உடைஞ்சுடுச்சு. அது என் வேலை.”

“இதை ஏன் அப்பவே வந்து சொல்லல?”

“சொன்னா பாதிப் பழி அண்ணன் மேல விழும். போனவர் மேல போட வாய் வரல. முழுசா என் மேலயே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

“அப்ப நான் யாரைத்தான் திட்டறது, சொல்லு?”

அவன் கழிவுத்துணியை எடுத்துக் கையைத் துடைக்க ஆரம்பித்தான். இத்தனை மாதமாக அவள் சேர்த்து வைத்திருந்த வசவுகளுக்கெல்லாம் இப்போது ஆள் இல்லை. அவற்றின் பின்னாலிருந்து ஒரு கேள்வி மேலே வந்தது. கேட்காமல் போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். வாய் அடங்கவில்லை.

“சத்தத்தை நிறுத்தச் சொன்னப்ப... நான் சலிச்சுக்கிறேன்னு என் பேச்சை எடுத்தாரா?”

துடைத்துத் துடைத்துச் சுத்தமாகிவிட்ட கையை அவன் மறுபடி துடைத்தான்.

“இல்ல அண்ணி.”

பொய் சொன்னால் அவனுக்குக் காது சிவந்துவிடும். அண்ணனும் தம்பியும் அதில் ஒரே அச்சு. அவள் அவன் காதைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

“சரி” என்றாள். “நாளைக்கு எடுத்துட்டுப் போகட்டும். என்னை வீட்டுல கொண்டுபோய் விடு. பொண்ணு உன்னைக் கேட்டுட்டே இருக்கா.”

மகள் ஓடிவந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். “எண்ணெய் நாத்தம்” என்று மூக்கைச் சுளித்தாள், பிடியை விடவில்லை. அவன் நின்றபடியே தண்ணீர் குடித்தான், உட்காரவில்லை. அவளும் உட்காரச் சொல்லவில்லை. இனி அடிக்கடி வருவானா என்று அவளுக்குத் தெரியவில்லை. வந்தால் அவன் முகத்தைப் பார்த்துப் பேச முடியுமா என்றும் தெரியவில்லை.

போகும்போது வெளிக்கதவை இழுத்தான். தாழ்ப்பாள் விழவில்லை. மறுபடி இழுத்தான்.

“தூக்கிப் போடு” என்றாள் உள்ளேயிருந்து.

அந்தக் கதவு இன்னமும் அப்படித்தான் இருக்கிறது. சற்றுத் தூக்கினால்தான் தாழ்ப்பாள் விழும்.