நான்-குமுலேட்டிவ்

அம்மா வசந்தாவின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. திருமுல்லைவாயில் ஸ்டேஷன் தெருவில் டெபாசிட் ஏஜென்ட் வேலை பார்க்கும் ஹேமநாதன் பேனாவைத் திறந்து நீட்டியும் விட்டார். நடுவில் எழில் விண்ணப்பத்தைப் பறித்துக்கொண்டாள். வீட்டின் முதல் பட்டதாரி. மூன்று வருடம் பி.காம். படித்தும் நிஜ டெபாசிட் விண்ணப்பத்தைத் தொட்டுப் பார்த்ததில்லை. கட்டம் கட்டமாக மோப்பம் பிடித்தாள்.

எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் தைத்ததில் வசந்தாவுக்கு முட்டி போய்விட்டது. மிஞ்சியது பி.எஃப். பணம் ஆறு லட்சம். அதை ஒரு கம்பெனி டெபாசிட்டில் போட்டு மாதம் நாலாயிரம் வட்டி வந்தால்தான் மறுபடி மெஷினில் உட்கார வேண்டாம்.

"அண்ணா, 'குமுலேட்டிவ்'னு டிக் அடிச்சிருக்கீங்க. அப்போ வட்டி மூணு வருஷம் கழிச்சுத்தானே மொத்தமா வரும்?"

"உங்கம்மா சொன்னதுதாம்மா. குமுலேட்டிவா, நான்-குமுலேட்டிவான்னு கேட்டேனே."

"ஆமாண்டி," என்றாள் வசந்தா. "நான் நான்னு இவரு பேரச் சேக்கப் பாத்தாரு. வுடுவனா? நீ ஒண்ணும் வாணாம் அண்ணாத்தே, என் பேர்லயே போடுன்னுட்டேன்."

எழிலுக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலேயே கோபமும்.

"அப்பவே அவங்களுக்குப் புரியலைன்னு தெரியலையா? மாசாமாசம் வராததுதான் குமுலேட்டிவ்னு சொன்னா வாய் தேஞ்சிடுமா?"

"கால் பர்சன்ட் கூட வருதேன்னுதான்..."

"மூணு வருஷம் எங்கம்மா காத்தையா குடிப்பாங்க? வேற ஃபாரம் எடுங்க."

ஹேமநாதன் பையைத் துழாவினார். வசந்தா பழைய தாளின் அடியில் விரல் வைத்தாள். "இது இன்னாடி, எறும்பு கணக்கா எழுத்து?"

"பேங்குல போட்டா அஞ்சு லட்சம் வரைக்கும் இன்ஷூரன்ஸ் உண்டும்மா. கம்பெனி டெபாசிட்டுக்குக் கிடையாதாம்."

"கம்பெனி ரேட்டிங் 'ட்ரிபிள் ஏ'ம்மா, இருக்கறதுலயே ஒசத்தி, பயமே வாணாம்," என்றார் ஹேமநாதன்.

"எங்க கம்பெனிலகூட சுவரு பூரா சர்டிபிகேட்டு மாட்டிகினு இருந்தானுங்கோ. ஒரு நாள் காத்தால போறேன், கேட்டுல பூட்டு." வசந்தா மகளிடம் திரும்பினாள். "பாதி இதுல, பாதி பேங்குல போட்டா மாசம் எவ்ளோ கொறையும்?"

எழில் போனில் தட்டிப் பார்த்தாள். "நானூறு ரூபா கிட்ட."

வசந்தா முட்டியைத் தேய்த்துக்கொண்டே யோசித்தாள். நானூறு என்றால் கேஸ் சிலிண்டரில் பாதி.

"கொறையட்டும். எழுது அண்ணாத்தே."

ஆறு என்று எழுதப் போன ஹேமநாதனின் கை நின்று, மூன்று என்று எழுதியது. அடுத்து எந்தக் கட்டத்தில் டிக் அடிக்கப் போகிறது என்று எழில் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.