காற்று கொண்டலுக்குத் திரும்பிய நாள்

1
போன கார்த்திகையில் ஒரு புயல் நாலு நாள் திசை மாறிக்கொண்டே இருந்தது. ஒரு வேலையும் ஓடாமல் போனில் அந்தச் சுழலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் இருந்த காலத்தில் இங்குள்ளவர்கள் எதைப் பார்த்திருப்பார்கள்? அந்த நச்சரிப்பில் பிறந்த கதை இது.

2
‘கடல் அமைதியாக இருந்தது.’ [பொய். புயல் என்றாலே எழுதுகிறவர்கள் கடலை முதலில் அமைதியாக்கிவிடுகிறோம்.]

‘கோட்டைத் தளபதி தொலைநோக்கியை…’ [வேண்டாம். அவருக்குக் கல்சுவர் இருக்கிறது.]

ரங்கம்மாளுக்கு ஓலைச்சுவர்தான். பழவேற்காட்டு ஏரியின் பசியாவரம் தீவில், தண்ணீருக்குள் குனிந்து கையால் இறால் தடவிப் பிடிப்பவள். அவள் கணவன் தசரதன் விடியலிலேயே துணிமூட்டைகளை ஏற்றிக்கொண்டு, கடலில் நின்ற ஒல்லாந்தர் கப்பலுக்குப் படகில் போயிருந்தான். வடக்கிலிருந்து வாடை அடித்தது. மூங்கிலில் கட்டிய கந்தலை விட்டு அவள் கண் நகரவில்லை. காற்று திரும்பி மேற்கிலிருந்து அடித்தால் புயல் வடக்கே ஒதுங்கிவிடும். கிழக்கிலிருந்து, கொண்டலாக அடித்தால் தெற்கே கரையேறும். கடல் ஏரிக்குள் வரும், தீவு முழுகும்.

உச்சிவேளையில் கந்தல் மேற்கு நோக்கி விறைத்தது. கொண்டல்.

3
தீவில் மிஞ்சியிருந்தது ஒரே படகு. அதைத் தள்ள மறுத்தான் தசரதனின் தம்பி பச்சைமுத்து.

“அண்ணன் வந்துடட்டும் அண்ணி.”

“அவரு கையில ஒரு படகு இருக்குது. இங்க பதினேழு பேருக்கும் இது ஒண்ணுதான்.”

“வந்து நம்மளத் தேடினா இன்னா பண்றது?”

அவள் படகின் விளிம்பைப் பிடித்துத் தள்ளினாள்.

“சூசையம்மாளைத் தூக்கு. நடக்க முடியாதவ முதல்ல.”

[அந்தக் காலத்தில் ‘இன்னா’ என்றார்களா, தெரியாது. அவர்கள் வாயில் வேறொன்றும் ஒட்டவில்லை.]

இரண்டு நடையில் எல்லோரும் அக்கரை சேர்ந்தார்கள். [இவ்வளவு திடமானவளா என்று எனக்கே சந்தேகம் வந்தது. இரண்டாம் நடையில் கடலையே பார்த்துக்கொண்டு துடுப்பைப் பச்சைமுத்துவிடம் கொடுத்தாள் என்று சேர்த்தேன். இப்போது நம்புகிறேன்.] பொழுது சாய்வதற்குள் கடல் உள்ளே வந்தது. தீவில் ஒரு குடிசை மிஞ்சவில்லை.

4
கரையிலிருந்து பார்த்த படகோட்டி தங்கவேல் சொன்னது இது: கப்பல் நங்கூரக் கயிற்றை வெட்டிவிட்டு ஆழ்கடலுக்கு ஓடியது. அப்போது தசரதனின் படகு அதன் பக்கத்தில்தான் கட்டியிருந்தது. ஆட்களை மேலே ஏற்றிக்கொண்டார்களா? மழையில் தெரியவில்லை.

முடிவு ஒன்று: ஆறு மாதம் கழித்து, ஒல்லாந்தரின் பத்தாவியாத் துறைமுகத்திலிருந்து வந்த கப்பலில் தசரதன்… [ஆசை. வேறொன்றுமில்லை.]

முடிவு இரண்டு: முகத்துவாரத்தில் ஒதுங்கிய படகுப் பலகையை… [கை ஓடவில்லை.]

பதினாறாம் நாள் ஊர்ப் பெரியவர்கள் வந்து தாலியைக் கழற்றச் சொன்னார்கள்.

“கப்பல் எங்க போச்சுனு கோட்டையில கேட்டீங்களா?”

“கேட்டோம். அவங்களுக்கும் தெரியலையாம்.”

“அப்ப எனக்கும் தெரியல” என்று ஏரியில் இறங்கிவிட்டாள்.

அவர்கள் கரையில் நிற்கிறார்கள். நானும் நிற்கிறேன், தசரதன் என்ன ஆனான் என்று எனக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரிந்தால், இடுப்பளவு தண்ணீர்தான், இறங்கிப் போய்ச் சொல்லுங்கள்.