இருபத்தேழாம் எண் தோட்டம்

மழை நின்று இரண்டு நாள் கழித்துத்தான் நாங்கள் போவோம். தோட்டத்தில் புதைத்த குழாயிலிருந்து நீர்மட்டக் கருவியை உருவி, பதிவை எடுத்துக்கொள்வோம். வடக்கு மில்வாக்கியில் அப்படி நாற்பத்தொரு மழைத்தோட்டங்கள். தெருவில் ஓடும் நீர் ஓரக் கல்லில் வெட்டிய வாய் வழியாக உள்ளே போய் மண்ணில் இறங்க வேண்டும். இறங்காமல் சாக்கடை நிரம்பினால், அந்தத் தெரு வீடுகளின் நிலவறைகளில் அது மேலேறும்.

இருபத்தேழாம் எண்ணில் இரண்டு கோடையாகக் கருவி பூஜ்யம் காட்டியது. பெருமழை இல்லைதான். ஆனாலும் ஒரு அங்குலம்கூடத் தேங்கவில்லை. தொடக்கத்தில் அந்த மண்ணைச் சோதித்தவன் நான். ஊற்றிய நீரை உடனே குடித்த மண். வந்ததெல்லாம் இறங்கிவிட்டது என்று கணக்கிட்டேன். நூறு சதவீதம் என்று எழுதினேன்.

எதிர்வீட்டு வெர்னீஸ் டாக்கெட் வாசற்படியிலிருந்து பார்ப்பார்.

“காஞ்ச நாளாப் பாத்து வந்து மழைய அளக்குறவன் நீ ஒருத்தன்தான், லெஸ்டர்.”

“கருவி அளக்குதுக்கா. நான் எதுக்கு நனையணும்?”

“அப்ப சம்பளத்த அதுகிட்டயே குடுத்துரலாமே.”

ஜூனில் அவருடைய தம்பி ஓடெல் மேல் அறையின் வெக்கையில் துவண்டுகிடந்தார். பக்கவாதம். எழ முடியாது.

“கீழ இறக்கிரலாமான்னு பாக்குறேன். அங்க குளுகுளுன்னு இருக்கு. சாக்கடை கீழ ஏறுச்சே, அந்த வருசம் மாதிரி தண்ணி வந்துராதே?”

“வராதுக்கா. தோட்டம் அம்புட்டையும் குடிச்சிருது.”

மறுநாள் நான்கு பேர் அவரைக் கட்டிலோடு நிலவறைக்கு இறக்கினார்கள்.

ஜூலையில் ஒரு பிற்பகல், கருவிக்கு பேட்டரி மாற்றப் போனபோது பெருமழை பிடித்துக்கொண்டது. வண்டிக்குள் உட்கார்ந்து முதன்முறையாகப் பார்த்தேன். தெரு நீர் தோட்டத்தின் வாயை நோக்கி வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் போட்ட தாரின் விளிம்பு வாய்க்கு முன்னால் விரலுயரத் திட்டாக நின்றது. நீர் அதில் முட்டித் திரும்பி, நேரே சாக்கடைக்குப் போனது. தோட்டத்துக்குள் எதுவும் போகவில்லை. போனதே இல்லை.

ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன்.

“ஓடெல மேல தூக்கணும்க்கா. இப்பவே.”

“வராதுன்னியே?”

“தப்பாச் சொல்லிட்டேன்.”

நிலவறை மூலையில் தரைச் சாக்கடையின் மூடி ஏற்கெனவே புரண்டு கிடந்தது. கறுப்பு நீர் கணுக்காலளவு. ஓடெல் இருநூற்று அறுபது பவுண்டு. நான் தோளைப் பிடித்தேன், வெர்னீஸ் கால்களை. இரண்டாம் படியில் அவர் கை நழுவியது. மூவரும் விழுந்தோம்.

தீயணைப்பு நிலையத்தை அழைத்தேன். சுரங்கப்பாதையில் வெள்ளமாம். வண்டி சுற்றித்தான் வரும்.

மறுபடி தூக்கினோம். முதல் படிகூட ஏறவில்லை.

“தலைய மட்டும் மேல பிடி,” என்றார் வெர்னீஸ்.

பிடித்தேன். தண்ணீர் முழங்காலைத் தாண்டியது. ஓடெல் கண் சிமிட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.