பதினாறு வயதுக்கு மேற்பட்ட வீடு

இந்த வீடு பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று வாசலுக்கு மேலே வெள்ளை எழுத்துகள் காற்றில் தோன்றியபோது, வீட்டின் ஒரே மகளுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளி விட்டு வந்தவள், திறந்திருந்த வாசலில் கண்ணுக்குத் தெரியாத எதிலோ முட்டிக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து அப்பா கையைப் பிடித்து இழுத்தார். இழுத்த வேகத்துக்குப் பந்துபோல் பின்னால் போனாள்.

எழுத்துகளை அடையாளம் கண்டவள் அம்மாதான். அவள் வேலையே அது. டிராகனும் பேசும் மலையும் வரும் ஒரு கார்ட்டூன் தொடரை ஜன்னலில்லாத அறையில் உட்கார்ந்து பார்த்து, எந்த வயதுக்கு ஏற்றது, என்ன எச்சரிக்கை போடுவது என்று முடிவு செய்வாள். டிராகன் மூச்சு விட்டால் ‘புகைபிடிக்கும் காட்சி’. மலை அழுதால் ‘மன உளைச்சல்’. சூனியக்காரி தலை சீவினால்கூட ‘கூரிய பொருள்கள்’. ஆபீசில் அவளுக்குப் ‘பத்திரம் மேடம்’ என்று பெயர்.

வீட்டு வாசலிலும் வயதுக்குக் கீழே பொடி எழுத்தில் காரணம் இருந்தது: கதவு அறைதல், நீண்ட மௌனம், மாமனார்.

“என்னை எதுக்குப்பா இதுல சேர்த்திருக்கு?” என்று மாமனார் மனம் நொந்து மகனைக் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. ‘நீண்ட மௌனம்’ கொஞ்சம் தடித்தது.

பெண் கீழ்வீட்டுத் தையல்காரியிடம் தங்கினாள். பத்திரம் மேடம் மேலாளரிடம் போய் நின்றாள். “இதுக்கு எதுக்கு கவலை? தொடர்ல பண்றதை வீட்டுலயும் பண்ணுங்க. வெட்டிடுங்க” என்றார் அவர்.

வெட்டினார்கள். கணவன் மனைவி சண்டையை வெட்டினார்கள், மாமனாரின் கருத்துகளை வெட்டினார்கள், கதவுகளுக்குப் பஞ்சு ஒட்டினார்கள். உப்பில்லாத குழம்பைப் பிரமாதம் என்றார் கணவர். ஒரு மாதம் போனதும் எழுத்துகள் மாறின: ‘பொய்ச் சிரிப்பு. எந்த வயதுக்கும் ஏற்றதல்ல.’ மூன்று பேரையும் வீடு மெல்லத் தள்ளி மாடிப்படியில் உட்கார வைத்தது. கீழே மகள் யாரிடமோ, “எங்க வீட்டுல ரெண்டு தையல் மிஷின் இருக்கு” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அம்மா கணவர் பக்கம் திரும்பினாள். “எல்லாம் உங்களால. வாயைத் திறந்து எதையாவது சொன்னாத்தானே?” என்று வெடித்தாள்.

“சொல்ல விட்டியா? நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள முத்திரை குத்திடுற. நம்ம கடையை மூடிட்டேன்னு சொல்ல ஆறு மாசமா பயந்துக்கிட்டு இருக்கேன்!”

 “அப்ப தினம் காலையில எங்கதான் போனீங்க?” என்றாள். “பார்க்குக்கு” என்றார். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மாமனார், “நானும் அங்கதானே இருப்பேன், கண்ணுல படலியே!” என்று ஆத்திரப்பட, தெருவே கேட்கும்படி சண்டை நடந்தது. அது ஓய்ந்தபோது மூவருக்கும் கடும் பசி. மகள் படியேறி வந்து மேலே பார்த்துப் படித்தாள்: ‘பெற்றோர் துணையுடன், எல்லா வயதினருக்கும்.’

அம்மா அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

அதன் பிறகு எழுத்துகள் மாறவில்லை. பெண் வளர்ந்து, வேலைக்குப் போய், வேறு ஊரில் குடும்பமும் ஆகிவிட்டது. வரும்போதெல்லாம் வாசலில் நின்று, “அம்மா, கை!” என்று குரல் கொடுப்பாள். படிக்கட்டு விளக்கு எரிந்து வருஷக்கணக்காகிறது. மின்சாரக் கணக்கு எடுக்க வருபவர் அந்த எழுத்துகளின் வெளிச்சத்தில்தான் மீட்டரைப் படிக்கிறார்.