தாயின் வயது 3x என்க

1

ஒளித்துப் பயனில்லை. இந்தக் கதை என் மகளின் வீட்டுப்பாடத்திலிருந்து வந்தது. கணக்கு அவளுடையது, பதற்றம் என்னுடையது.

முதல் தொடக்கம்: 'வானம் இருண்டு கிடந்த அந்த—' வேண்டாம். வெளியே நல்ல வெயில்.

இரண்டாவது: 'ஒரு தந்தை இருக்கிறார் என்க.' இது பரவாயில்லை. கணக்குப் புத்தகத்தில் எனக்குப் பிடித்த ஒரே சொல் 'என்க'. இல்லாத ஆளையும் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம், யாரும் ஆதாரம் கேட்க மாட்டார்கள். என் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது.

2

கணக்கு இதுதான். தாயின் வயது இப்போது மகளின் வயதைப் போல் மூன்று மடங்கு. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் இரண்டு மடங்காக இருக்கும். இருவரின் தற்போதைய வயது என்ன?

சாப்பாட்டு மேசையில் தந்தையும் மகளும். தாய் மருத்துவமனைக்குப் போயிருக்கிறாள். மார்பில் இருந்த கட்டியிலிருந்து ஊசியால் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். இன்று முடிவு. துணைக்கு மகளின் பெரியம்மா போயிருக்கிறார். தெரிந்ததும் போன் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.

[இந்தத் தந்தையை நம்பி ஒரு கதையை ஒப்படைக்கலாமா தெரியவில்லை. கூட வரவா என்று இவர் கேட்டதற்கு, உங்க மூஞ்சியைப் பார்த்தாலே எனக்குப் பயம் கூடிடும் என்று மனைவி சொல்லிவிட்டாள். இவரைத் தைரியசாலியாக்கி ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை.]

3

மகள் படிப்படியாக எழுதுகிறாள்.

மகளின் வயது x என்க. தாயின் வயது 3x.
12 ஆண்டுகளுக்குப் பின் மகளின் வயது x + 12.
எனவே, 3x = 2(x + 12)
3x = 2x + 24
x = 24. தாயின் வயது 72.

மகளுக்குப் பன்னிரண்டு கூட்டியிருக்கிறாள். தாயை அப்படியே விட்டுவிட்டாள்.

(குறிப்பு: எல்லாப் பிள்ளைகளும் செய்கிற தப்புதான். வாத்தியார் 'கவனக்குறைவு' என்று சிவப்பு மையில் எழுதிவிட்டுப் போய்விடுவார். நான் ஏன் அந்த வரியையே திரும்பத் திரும்பப் படிக்கிறேன்?)

அம்மாவுக்கும் கூட்டு என்று சொன்னால் போதும். தந்தை வாயைத் திறந்தார். பிறகு அழிப்பானை எடுத்து மேசையில் உருட்டி—

தந்தையாவது மண்ணாவது. அது நான்தான். அழிப்பானை உருட்டிக்கொண்டிருந்ததும் நான்தான்.

4

"தப்பாப்பா?"

ஒரு இடத்தில் விட்டுவிட்டாய் என்று மட்டும் சொன்னேன். அவள் வரிகளை விரலால் தொட்டுக்கொண்டே போனாள். கெட்டிக்காரி, கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் எழுதவில்லை. குரலை இறக்கிக்கொண்டு கேட்டாள்:

"அம்மாவுக்கும் பன்னெண்டு கூட்டலாமாப்பா?"

5

முடிவு அ: போன் வருகிறது. ஒன்றுமில்லையாம் என்று பெரியம்மா சிரிக்கிறார். எழுதிப் பார்த்தேன். என் ஆசை பல்லைக் காட்டியது. அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: போன் வருகிறது. 'முதல்ல உட்காருங்க' என்று பெரியம்மா—

இல்லை. இதை எழுத மாட்டேன்.

இப்போது நிஜமாகவே போன் அடிக்கிறது. மகள் பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுக்கிறாள். 3x-க்குப் பக்கத்தில் + 12 என்று, அடுத்த தாளிலும் பதிகிற அளவுக்கு அழுத்தி எழுதுகிறாள்.

"போட்டுட்டேன்பா. இப்ப எடுங்க."

போனை வாசகர் பக்கம் தள்ளுகிறேன். நீங்கள் கொஞ்சம் எடுத்துப் பேசுங்களேன்.