மற்றக் கிழமை

லண்டனில் பெனடிக்ற்றின் கெட்டித்தனத்தை அவன் மனைவி ஜெயந்தினி எல்லாரிடமும் சொல்லுவாள். ஸ்பெயினில் ஒரு விடுதியிலும் போர்த்துக்கலில் இன்னொன்றிலும் வருடத்துக்கு ஒவ்வொரு கிழமை, ஏழேழு நாள், தங்கும் உரிமையை வாங்கிப் போட்டிருந்தான். இரண்டையும் ஒரே பரிமாற்ற அங்கத்துவத்தில் சேர்த்துவிட்டதால், போகாமல் விட்ட கிழமைக்குப் பதிலாக வேறு நாடுகளிலும் தங்கலாம். எதைக் கொடுத்து எதை எடுப்பது என்பது அவனுக்குத் தண்ணிபட்ட பாடு.

சண்டை முடிந்து சனம் ஊர் திரும்பிய காலத்தில், ஸ்பெயின் கிழமையைக் கொடுத்து இலங்கையில் கற்பிட்டிக் கடற்கரையில் ஒரு விடுதி எடுத்தான். அதற்கு முதல் குடும்பத்தோடு தன் ஊரான மன்னார்ப் பள்ளிமுனைக்குப் போனான். அவன் அக்கா பெற்றிசியா இந்தியாவில் மண்டபம் அகதி முகாமிலிருந்து புருஷன் அன்ரனியோடு திரும்பி, தகரக் கொட்டிலில் இருந்தாள். தாய் செத்தபிறகு அவனைக் குளிப்பாட்டிச் சோறு தீத்தி வளர்த்தவள். கொட்டிலின் வெக்கை அவனுக்குப் பொறுக்கவில்லை. கற்பிட்டிக்குத் தங்களோடு வரச்சொல்லிக் கேட்டான். அவள் தயங்கினாள். அன்ரனிதான் வற்புறுத்தி அனுப்பிவைத்தான். கோயிலுக்கு உடுக்கிற சேலையோடு அவர்கள் வாடகைக்கு எடுத்த வானில் ஏறினாள்.

விடுதியில் வரவேற்பு மேசைப் பெண் ஆட்களை எண்ணிப் பார்த்தாள். அவனும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் நாலு பேர். அவனுக்கு ஒதுக்கிய வீட்டில் அதற்குமேல் ஆள் விடமாட்டார்களாம். அவன் கணக்கில் இன்னொரு கிழமை இருக்கிறது, அதைக் கொடுத்தால் பக்கத்து அறையைத் திறக்கலாம் என்றாள்.

அது போர்த்துக்கல் கிழமை. அடுத்த கோடைக்கென்று ஜெயந்தினி வைத்திருந்தது. பெனடிக்ற் மனைவியைப் பார்த்தான். அவள் பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றாள்.

“இல்லாட்டில், இவ உங்கட வேலைக்கு வந்தவவோ?” அந்தப் பெண் மரியாதையாகவே கேட்டாள். “வேலையாக்களுக்குப் பின்னால அறை இருக்கு. அதுக்கு ஒண்டும் தேவையில்லை.”

அக்கா இரண்டெட்டுத் தள்ளிப் பையோடு நின்றாள்.

“ஓம்” என்றான் பெனடிக்ற்.

அது அக்காவின் காதில் விழுந்ததா என்று திரும்பிப் பார்க்க அவனுக்குத் துணிவு வரவில்லை. பார்த்தபோது, ஒரு பையன் பின்பக்கம் கைகாட்ட, அவள் நடந்துகொண்டிருந்தாள்.

காலையில் எழும்பியதும் பின்பக்கம் போனான். வேலையாட்களோடு நீள வாங்கிலில் குந்தியிருந்து பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்த அக்கா, அவனைக் கண்டதும் பட்டென்று எழும்பினாள்.

“ஐயா, பிள்ளையள் எழும்பிட்டினமோ?”

அவர்கள் முன்னால் அவன் முகம் கெடக்கூடாதென்று அப்படிச் சொன்னாள் என்பது அவனுக்கு விளங்கியது. நேரே மேசைக்குப் போய், அவ என்ர அக்கா, மற்றக் கிழமையை எடுத்துக்கொண்டு அறையைத் திறவுங்கோ என்றான். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு திறப்பை நீட்டினாள்.

அதைக் கொண்டுபோய்க் கொடுக்க, அக்கா வாங்கவில்லை. “எனக்கு அங்க நல்ல நித்திரை தம்பி. என்னைக் கொண்டுபோய் வீட்டில விடு” என்றாள். குரலில் கோபமே இல்லை. ஏசியிருந்தால் அவன் தாங்கியிருப்பான்.

அன்றைக்கே அவளை மட்டும் ஏற்றிக்கொண்டு மன்னாருக்குப் போனான். வழிநெடுக மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். ஒவ்வொரு தடவையும் அவள் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி விசாரித்தாள்.

வாசலில் அன்ரனி, விடுதி எப்படியென்று ஆவலாகக் கேட்டான். கடல் சன்னலோடயே கிடந்தது, படுக்கை பஞ்சு மாதிரி, தம்பி ஒரு குறையும் வைக்கேல்லை என்று அக்கா சொல்லிக்கொண்டே போனாள். அன்ரனி மச்சானின் கையைப் பிடித்து நன்றி சொன்னான். பெனடிக்ற் அந்தக் கையை இழுக்கவும் முடியாமல், வைத்திருக்கவும் முடியாமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.