மாறி ஏறும் நேரம்

என் மாமனாரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. டைம்கீப்பர் என்றால்தான் தெரியும். பஸ் நிலையத்தில் முப்பது வருஷம் வண்டிகளை வரவேற்று வழியனுப்பியவர். ஓய்வு பெற்ற பிறகு அனுப்ப வண்டி இல்லாததால் எங்களை அனுப்பத் தொடங்கினார். சினிமாவுக்குப் போனால் அரங்கைப் பெருக்குகிறவர்களோடு உள்ளே நுழைவோம். என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியபோது மண்டபக் கதவில் பூட்டுத் தொங்கியது. என் கணவர் சிரித்துக்கொண்டே சொல்வார்: சின்ன வயசில் எந்தப் பஸ்ஸிலிருந்து இறங்கினாலும் அப்பா முன்னாலேயே வந்து நின்றுகொண்டிருப்பாராம், தொலைந்துபோகக்கூட விடமாட்டாராம்.

அப்படிப்பட்டவர் கையில்தான் எங்கள் முதல் வெளிநாட்டுப் பயணத்தைத் திட்டம் போடும் பொறுப்பு வந்து விழுந்தது.

என் கணவர் சரக்குக் கப்பலில் ஃபிட்டர். எஞ்சின் அறையில் ஏணியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டது. உலகத்தின் அந்தக் கோடியில், ஸ்பானிஷ் பேசுகிற ஒரு நாட்டுத் துறைமுகத்தில் அவரை இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுக் கப்பல் போய்விட்டது. கம்பெனியின் அந்த ஊர் ஆள், ஒரு அம்மாள், தினமும் போனில் உடைந்த ஆங்கிலத்தில் நிலவரம் சொல்வாள். முதல் வாரம் பார்க்கலாம் என்றாள். இரண்டாம் வாரம், வருகிறவர்கள் சீக்கிரம் வந்தால் நல்லது என்றாள். அதற்குமேல் ஒருத்தி எப்படித்தான் சொல்வாள்.

நானும் மாமாவும் போவதென்று முடிவாயிற்று. அத்தைக்கு முட்டி தேய்ந்து மாடிப்படியே மலையாகிவிட்டது. அங்கே வந்தாலும் அழத்தான் போகிறேன், அதை இங்கேயே உட்கார்ந்து செய்கிறேன் என்று சொல்லிவிட்டாள். ஆனால் மகன் திரும்பி வரும்போது போட்டுக்கொள்ள நீலச் சட்டை ஒன்றை இஸ்திரி போட்டு வைத்தாள். படுக்கையில் கிடந்து இளைத்திருப்பான் என்று பேன்ட்டின் இடுப்பையும் பிடித்துத் தைத்தாள்.

மாமா சாப்பாட்டு மேசையை ஆபீஸாக்கிக்கொண்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் உலக வரைபடம் ஒன்றை வாங்கி வந்து விரித்து, நான்கு மூலையிலும் டம்ளர் வைத்தார். எங்கள் ஊரிலிருந்து அந்தத் துறைமுகத்துக்கு ஒரே வண்டி கிடையாது, நடுவில் மாறி ஏற வேண்டும் என்று தெரிந்ததும் அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அழுதுகொண்டிருந்த மனுஷர், நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். எனக்கு அதைப் பார்க்க ஆறுதலாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

நான் வேலை செய்வது மூக்குக்கண்ணாடிக் கடையில். லென்ஸை ஃபிரேமுக்குத் தகுந்தபடி தேய்த்துப் பொருத்தும் வேலை. காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, தேய்த்தபடியே போனில் ஸ்பானிஷ் படித்தேன். அது எனக்குக் கடற்கரை எங்கே என்று கேட்கக் கற்றுக்கொடுத்தது. இரண்டு காபி கொடுங்கள் என்றது. கடற்கரைக்குப் போகிற மூஞ்சியா இது. எனக்கு வேண்டிய வாக்கியங்களை நானே தேடி எடுத்து மனப்பாடம் செய்தேன். நான் அவருடைய மனைவி. அவருக்கு வலிக்கிறதா. நான் பேசினால் கேட்குமா. அந்தக் கடைசிக் கேள்வியை லென்ஸில் பொடி பறக்கப் பறக்க எத்தனை தரம் சொல்லியிருப்பேனோ தெரியாது.

மாமா எண்கள் மட்டும் படித்தார். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை. நேரமும் நுழைவாயில் நம்பரும் புரிந்தால் எந்த நாட்டிலும் பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி. ஊனோ, தோஸ், திரேஸ் என்று குளியலறையிலிருந்து சத்தம் வரும்.

விசா கையில் வந்த அன்று மத்தியானமே டிக்கெட் கடைக்குப் போனோம். கடைக்காரர் இரண்டு வழி காட்டினார். ஒன்று, அன்றைக்கு ராத்திரியே கிளம்பி மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு அங்கே இறங்குவது. நடுவில் மாறி ஏற ஒரு மணி நேரம் கிடைக்கும். இன்னொன்று, மறுநாள் காலையில் கிளம்பி, நடு விமான நிலையத்தில் ஒரு ராத்திரி முழுக்கக் காத்திருந்து, அதற்கு அடுத்த நாள் மத்தியானம் போய்ச் சேருவது. ஒரு மணி நேரம் தாராளம், தினமும் ஜனங்கள் ஏறுகிறார்கள் என்று கடைக்காரர் சொன்னார்.

மாமா தலையை ஆட்டினார், மேலும் கீழுமாக அல்ல.

"இன்னைக்கே போயிடலாம் மாமா," என்றேன். "ஓடியாவது ஏறிடலாம்."

"ஓடி ஏறுறவங்களை நான் முப்பது வருஷம் பாத்திருக்கேம்மா. பாதிப் பேரு நடுவழியில நின்னு அழுதிருக்காங்க. வேகமா போறது வேற, போய்ச் சேர்றது வேற."

பதறாத காரியம் சிதறாது என்றும் சேர்த்துக்கொண்டார். வீட்டுக்குப் போன் போட்டு அத்தையைக் கேட்டேன். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றாள். அவளும் முப்பது வருஷம் அதே கடிகாரத்தோடு குடும்பம் நடத்தியவள். இரண்டாவது வழிக்கே டிக்கெட் எடுத்தோம். அவர் மேல் எனக்கு வந்த கோபத்தில் வீடு வரைக்கும் அவரை விட்டு முன்னால் நடந்தேன்.

நடு விமான நிலையம் ஒரு ஊர் அளவுக்கு இருந்தது. மாமா போனவுடன் எங்கள் நுழைவாயிலைக் கண்டுபிடித்து, அதற்கு நேர் எதிரில் இரண்டு நாற்காலி பிடித்தார். வேறு ஒரு ஆளும் அங்கே இல்லை. அடிக்கடி எழுந்து போய் விமான நேரப் பலகையைப் பார்த்துவிட்டு வந்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்பார். நான் போனை எடுத்து, நாங்கள் ஏறாத அந்த முதல் வழி என்னவாயிற்று என்று பார்த்தேன். மாறி ஏறும் விமானம் நேரத்துக்குக் கிளம்பி, ஆறு மணிக்கும் பத்து நிமிஷம் முன்னாலேயே அங்கே இறங்கியிருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. கல்லைப் போலக் கைக்குள் வைத்துக்கொண்டேன். எறிய ஒரு நேரம் வரும் என்று இருந்தேன்.

காலையில் கம்பெனி அம்மாள் கூப்பிட்டாள். விடியும் முன்பே உயிர் போய்விட்டதாம். அவளும் அழுதாள். யாரோ என்னவோ, பாவம்.

மாமாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, பலகையைப் பார்த்தார். பிறகு அதே நாற்காலியில் உட்கார்ந்து, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். விமானத்துக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. அதை உட்கார்ந்துதான் கழிக்க வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் எங்களை ஒரு சின்ன அறையில் உட்காரவைத்தார்கள். பச்சைச் சுவர், மூன்று பிளாஸ்டிக் நாற்காலி, தண்ணீர் கேன். கம்பெனி அம்மாள் சவ அறைக் காகிதங்களுக்காகப் போயிருந்தாள். நீலச் சட்டை இருந்த பையை மாமா மடியில் வைத்திருந்தார். அப்போது ஒரு நர்ஸ் உள்ளே வந்தாள். என் வயதுதான் இருக்கும். நான் அவருடைய மனைவி என்று ஸ்பானிஷில் சொன்னேன். அத்தனை நாள் படித்ததில் உபயோகமானது அது ஒன்றுதான். எனக்கு அந்த மொழி தெரியும் என்று நினைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்தபடி அவள் மளமளவென்று பேசினாள். பாதி புரிந்தது. அந்தப் பாதியே அதிகம். நேற்று ராத்திரி. கண் திறந்தார்.

மாமா நிமிர்ந்தார்.

"நுவேவேன்னாங்களே. ஒன்பது. ஒன்பதுக்கு என்னம்மா?"

"ஒன்பது மணிக்கு மருந்து குடுத்தாங்களாம்."

நர்ஸுக்கு நான் சொன்னது புரியவில்லை. பெரியவருக்கு உதவி செய்ய நினைத்தாள், நல்ல மனசுக்காரி. தன் கண்களை மூடி, மெதுவாகத் திறந்து காட்டினாள். கதவைப் பார்த்தாள். பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, அவர் சொன்னதாக ஒரு வார்த்தையைக் கவனமாகச் சொல்லிக்காட்டினாள்.

"அப்பா," என்றாள்.

அதற்கு என்ன அர்த்தம் என்று என்னைக் கேட்பதுபோல் பார்த்தாள்.

என்னைக் கூப்பிடவில்லை. அந்த நேரத்திலும் அது எனக்கு வலித்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அவர் நினைத்ததில் தப்பில்லை. எங்கே போய் இறங்கினாலும் முன்னாலேயே வந்து நிற்கிறவர் அப்பாதானே.

மாமா வெகுநேரம் பையின் வாரைத் தடவிக்கொண்டிருந்தார். நர்ஸ் எங்கள் இருவருக்கும் தண்ணீர் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகுதான் கேட்டார்.

"அந்த ஆறு மணி வண்டி வந்துச்சாம்மா? பாத்தியா நீ?"

கல் கையிலேயே இருந்தது. எறிகிற நேரமும் இதுதான். அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்கு அவர் மேல் கோபம் போகவில்லை, இன்றைக்கும் போகவில்லை. இந்த மனுஷரைக் கூட்டிக்கொண்டு, ஒரு பெட்டியோடு, மறுபடியும் அத்தனை தூரம் நான் திரும்பிப் போயாக வேண்டும். வீட்டில் அத்தை இருக்கிறாள்.

"வரல மாமா," என்றேன். "நடுவுல மழையாம். ரத்து பண்ணிட்டாங்க. அதுல போயிருந்தா நாம அங்கேயே நின்னுருப்போம்."

முப்பது வருஷம் டிரைவர்கள் சொன்ன சாக்கையெல்லாம் கேட்டவர் அவர். பஞ்சர் என்றால் டயரைத் தொட்டுப் பார்க்கிறவர். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிம்மா," என்றார்.

பிறகு பையைத் திறந்து, நீலச் சட்டையை எடுத்து, மடிப்புக் கலையாமல் என் கையில் கொடுத்தார்.